சாக்குக்கான ஒரு கிலோ

காலை ஏழே முக்கால் மணிக்கு எடை மெஷினில் சிவப்பு எண்கள் நாற்பத்து நான்கு புள்ளி ஏழு என்று நின்றன. என் மகள் இறங்கி, மூச்சை வெளியே விட்டு, மறுபடி ஏறினாள். எண்கள் கொஞ்சம் துடித்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றன. அவள் பெயர் பதிந்திருந்தது நாற்பத்து நான்கு கிலோ பிரிவில். அதற்கு மேல் ஒரு பிடி அரிசி எடை கூடினாலும் அன்று ஆட முடியாது.

அரியலூரில் ஒரு பள்ளியின் வகுப்பறை அது. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் மெஷினை வைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பதால் கதவைச் சாத்தி ஒரு பி.டி. மிஸ் நின்றார். அம்மா என்பதால் என்னை வாசலுக்குள் ஒரு அடி விட்டிருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளும் சேர்ந்து ஆடும் ஜூடோ போட்டி. ஜூடோவில் எடைதான் ஜாதகம். யாரோடு மோதுவது, எந்தப் பிரிவில் நிற்பது, நிற்கவே முடியுமா என்பதெல்லாம் அந்த மெஷின் சொல்வதுதான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மெஷின் மேல் கோபம். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் வெங்காயக் கொட்டகையில் எடை பார்த்தபோது நாற்பத்து மூன்று புள்ளி ஏழு காட்டியது. நானே பார்த்தேன். அதற்குப் பிறகு இவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எப்படிக் கூடும்?

"இந்த மெஷின்ல ஏதோ தப்பு இருக்குங்க," என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

"காலையிலேருந்து அத்தன பேரு அம்மாவும் இதத்தான் சொல்றாங்க," என்றார் அவர். சிடுசிடுப்பாக இல்லை, சலிப்பாகச் சொன்னார். ஒன்பது மணி வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம், அதுதான் விதி என்றும் சொன்னார்.

அந்த விதி ஒரு சலுகை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

வெளியே எங்கள் பள்ளி பி.டி. சார் நின்றிருந்தார். இளவயதுக்காரர். குன்னம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவர் வந்த பிறகுதான் ஜூடோ என்ற சொல்லே எங்கள் காதில் விழுந்தது. எண்ணைக் கேட்டதும் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எழுநூறு கிராம்தானே, தண்ணிதான், ஓடினால் போய்விடும் என்றார். தன் பையிலிருந்து இரண்டாவது டிராக் சூட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு சுற்றிப் பார்த்து, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணிடம் கை நீட்டினார். அவள் மடியில் வைத்திருந்த நீல மழைக்கோட்டைக் கொடுத்தாள்.

அந்தப் பெண் என் மகளின் தோழி. இருவரும் ஒன்பதாம் வகுப்பு, ஒரே பெஞ்ச். அவள் நாற்பத்தெட்டுக் கிலோ பிரிவு. பெரிய பிரிவுகளை முதலில் முடித்துவிட்டுச் சின்னதுக்கு வந்ததால் அவளுக்கு எடை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகளெல்லாம் விடியும் முன்பே பள்ளி வேனில் வந்துவிட்டார்கள். நான் பின்னால் பஸ் பிடித்து வந்து சேர்ந்தவள். தோழியின் தலை நனைந்திருந்தது. முகம் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். மழைக்கோட்டை மகளுக்கு மாட்டிவிட்டது நான்தான். கைவிட்டபோது உள்பக்கம் ஈரமாக இருந்தது. பனியில் கிடந்திருக்கும் என்று அதையும் அத்தோடு விட்டுவிட்டேன்.

மகள் ஓடினாள். அரியலூர் வெயில் எட்டு மணிக்கு எட்டு மணி வெயிலாக இருக்காது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போகும் ஒவ்வொரு லாரியும் ஒரு வெள்ளைத் தூசியை எழுப்பிவிட்டுப் போனது. கழுத்து வரை ஜிப் போட்ட ஒரு நீல உருவம் அந்தத் தூசிக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. சார் கொடுத்த புளி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, ஊறும் எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டே ஓட வேண்டும். எச்சிலும் எடைதான் என்றார். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ, என் அருகில் வந்தபோது நின்றாள். "ஒரு வாய்ம்மா," என்றாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எடை பார்த்ததும் ஒரு பாட்டில் முழுக்கக் குடிச்சுக்கலாம் என்று அவளிடம் சொன்னது என் குரல்தான். அவள் சரி என்று மறுபடி ஓடினாள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் விழுந்தாள். சத்தமே இல்லை. நீல உருவம் அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண் மேலே செருகியிருந்தது. கைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன, பிரிக்க முடியவில்லை. ஜிப்பை இழுத்தபோது உள்ளிருந்து சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. உப்புச்சத்து இறங்கிவிட்டது என்றார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சிறுநீர் வந்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். மதியம் வரை வரவில்லை. மாலை வரை வரவில்லை. என் கணவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து தலையில் தூசியோடு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்த பிறகு நர்ஸ் வந்து, வந்துவிட்டது என்று சொன்னபோது, ஒரு மனுஷி அந்தச் செய்திக்காக இவ்வளவு அழ முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு இன்று வரை வீட்டில் அவள் குளியலறைக்குப் போனால் என் காது தானாக அந்தப் பக்கம் போகிறது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருக்கும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் என் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தவன் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அக்கா வெளிய வா என்றான்.

அவன் கிராமங்களில் சின்ன வெங்காயம் கொள்முதல் செய்பவன். சீசனில் அவன் கொட்டகையில் பிளாட்பார எடை மெஷின் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு மூட்டை இறங்கும்போதே அடுத்தது ஏறும். மூட்டைக்கு ஒரு கிலோ, சாக்குக்கும் மண்ணுக்கும் சேர்த்துக் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஒவ்வொரு மூட்டைக்கும் வாயால் கழித்துக்கொண்டிருக்க நேரமில்லாமல், அவன் மெஷினிலேயே அந்த ஒரு கிலோவைக் கழித்து வைத்துவிட்டான். அது எப்போதும் ஒரு கிலோ குறைத்தே காட்டும். அந்த மெஷினில்தான் ஞாயிறுதோறும் அக்கா மகளை ஏற்றி நிறுத்தி, தாய்மாமன் பெருமையோடு எடை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தோழியும் கூடவே ஏறிப் பார்ப்பாள். அவள் அம்மா அந்தக் கொட்டகையில்தான் வெங்காயத் தாள் அறுக்கும் வேலைக்கு வருகிறார்.

"எனக்குத் தோணவே இல்லக்கா," என்றான். "மூட்டைக்குத்தான கழிவு. புள்ளைக்குமா கழியும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அவன் தந்த எண்ணை நம்பித்தானே நானும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு தோசை போட்டேன்.

வீடு வந்த பிறகு என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஜூடோ போதும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜூடோவுக்கு முன்னால் அவள் ஆள் இருக்குமிடம் தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். சொந்தக்காரர் யாராவது வந்தால் சமையலறைக்குள் ஒளிந்துகொள்வாள். இரண்டு வருஷத்தில் அந்தத் தோள் நிமிர்ந்திருந்தது. இப்போது அது மறுபடி உள்ளே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இன்னொன்றையும் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் என்னைக் கண்டால் வாலாட்ட ஆரம்பித்திருந்தது. அதுவரை என்னை மதிக்காத நாய். ஒருநாள் காலை கொல்லைப் பக்கம் போனபோது அது என் வீட்டு இட்லியைத் தின்றுகொண்டிருந்தது. மகள் வேலியோரம் நின்றிருந்தாள், கையில் காலித் தட்டு.

நான் கத்தவில்லை. அவளைப் பிடித்து உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். டிசம்பரில் அடுத்த போட்டி வருகிறதாம். எல்லாம் சரியாகி, அப்பாவும் மனசு மாறினால், அன்றைக்கு நாற்பத்து நான்குக்குள் இருக்க வேண்டாமா என்றாள். இதற்குள் நாற்பத்தைந்துக்கு மேல் போய்விட்டதாம்.

"நாப்பத்தெட்டுல நின்னா என்னடி? ஒடம்பு வளருற வயசு."

"அது அவளோடதும்மா."

அப்போதுதான் எனக்கு விதி முழுதாகப் புரிந்தது. ஒரு பள்ளியிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒரு ஆள்தான். இவள் நாற்பத்தெட்டுக்கு ஏறினால் தோழியின் இடத்தில்தான் போய் நிற்க வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு தேர்வு வைத்து, ஒருத்தி வெளியே போக வேண்டும். அதைவிட இட்லியை நாய்க்குப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ஜூடோவை நிறுத்தினாலும் அவள் சாப்பிடப்போவதில்லை. என்றைக்காவது திரும்பப் போகலாம் என்ற நினைப்பு இருக்கும் வரை சாப்பிட மாட்டாள். என்னால் மாற்றக்கூடியது அவளையா, விதியையா என்று பார்த்தால் விதிதான் கொஞ்சம் சுலபம் என்று தோன்றியது. அந்த நாட்களில் எனக்கு இப்படியெல்லாம்தான் தோன்றியது.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடிதம் எழுதுவதுதான் வேலை. பொருள், பார்வை என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். ஆனால் இந்தக் கடிதத்தில் பொருள் என்று போட்டுவிட்டு அதன் எதிரே என்ன எழுதுவது என்று ஒரு மதிய உணவு நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். "என் மகள்" என்று எழுதி அடித்தேன். கடைசியில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் எடைப் பிரிவு விதிகளை மாற்றுதல் என்று எழுதினேன்.

கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. எடை பார்க்க ஒரே ஒரு தடவை. ஒன்பது மணி வரை ஓடி ஓடி ஏறிப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். எடை கூடியிருந்தால் அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பாமல், அங்கேயே அடுத்த பிரிவில் நிறுத்தலாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு சோதித்து முத்திரை வைத்த ஒரு மெஷினை எல்லாப் பள்ளிகளும் வந்து பார்த்துக்கொள்ளும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். கடைசியாக, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உடை எதையும் மைதானத்துக்குள் விடக்கூடாது. கடைசி வரியை எழுதும்போது மட்டும் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருஷத்துக்கு ஒரு முறை உடற்கல்வி ஆசிரியர்கள் பெரம்பலூரில் கூடிப் போட்டி அட்டவணை போடுவார்கள், அங்கே பெற்றோர் யோசனைக்கும் நேரம் உண்டு, இதுவரை யாரும் போனதில்லை என்றார். ஒரு ஆசிரியராவது யோசனையை ஆதரித்துப் பேசினால்தான் அதை மேலிடத்துக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார். நம்ம சாரே பேசலாமே என்று நான் சொன்னதும் அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

நான் பேசிப் பார்த்தேன். போட்டியில் பார்த்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சிலரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். எல்லோரும் வருகிறேன் என்றார்கள். ஒரு அப்பா மட்டும் நேராகச் சொன்னார்: "எம்பொண்ணு மெடல் வாங்கியிருக்குங்க. அத ஏன் கெளறணும்?" தோழியின் வீட்டுக்கும் போனேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பெண் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. எப்படி இருக்கா என்று மகளைப் பற்றிக் கேட்டாள். சாப்பிட மாட்டேங்கிறா, நாப்பத்தெட்டு உன் இடமாம், அதுக்கு வர மாட்டாளாம் என்று நான் மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். அவள் ஒரு பாவாடையையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு அம்மாவை வரச் சொல் என்று நாளும் இடமும் சொல்லிவிட்டு வந்தேன். நான் பார்க்க வந்தது அம்மாவைத்தானே என்ற அவசரத்தில் இருந்தேன்.

தம்பி கட்டாயம் வருவதாகச் சொன்னான். மெஷின் விஷயத்தை அவனே எழுந்து சொன்னால்தான் முத்திரை வைத்த மெஷின் ஏன் வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும். "நான் வந்து நின்னு சொல்றேன்க்கா. என் மேல தப்புன்னே சொல்றேன்." கண் கலங்கச் சொன்னான்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை, பெரம்பலூரில் ஒரு பள்ளியின் மாடி அறையில். பத்தரைக்கு என்றார்கள். நான் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட் தெரியும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஆசிரியர்கள் வந்தார்கள், டீ வந்தது, உளுந்து வடை வந்தது. பெற்றோர் யாரும் வரவில்லை. எங்கள் பி.டி. சார் வந்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு மிகத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். கபடி எந்த வாரம், தடகளம் எந்த மைதானம், மழை வந்தால் எங்கே என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் கேட்டைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். தம்பிக்கு மூன்று முறை அடித்தேன். வண்டி ஓட்டுகிறான் போல, எடுக்கவில்லை.

என் முறை வந்தது. கூட்டத்தை நடத்திய அமைப்பாளர் வயதானவர், மரியாதையானவர். சொல்லுங்கம்மா என்றார். எழுதியதைப் படித்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் பாட்டில் வரை வந்ததும் அதை விட்டுவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினேன். யோசனைகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். எடை பார்க்க ஒரே தடவைதான் என்றால் பஸ்ஸில் தூங்கிவந்து பாத்ரூம்கூடப் போகாத பிள்ளைக்கு அநியாயம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. யாரோடு யார் மோதுவது என்று முந்தின நாளே எழுதிவிடுகிறோமே, காலையில் ஆள் மாறினால் அதை எப்படி மாற்றி எழுதுவது என்று இன்னொருவர் கேட்டார். இதெல்லாம் மேலே இருந்து வருகிற விதி, நாமாக மாற்ற முடியாது என்று சிலர் சொன்னார்கள். மழைக்கோட்டுக்குத் தடை என்பதற்கு மட்டும் எல்லோரும் தலையாட்டினார்கள். கோட்டைத் தடுத்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட வைப்பார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு வகுப்பறை வாசலில் நின்ற அதே மிஸ்தான் எழுந்தார். "நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எடை கூடுனா அடுத்த பிரிவுக்குப் போவலாம்ங்கறீங்க. அடுத்த பிரிவுல அதே ஸ்கூல் புள்ள நிக்குமே. அதத் தூக்கி வெளிய போட்டுட்டா உங்க பொண்ணு ஏறும்? ஒங்க வூட்டுப் புள்ள அழுவக் கூடாது, அடுத்த வூட்டுப் புள்ள அழுவலாமா?"

சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு முகம் சுட்டது. என் மகள் இட்லியை நாய்க்குப் போடுவதும் அந்தக் கேள்விக்காகத்தான். ஒரு பிரிவுக்கு இரண்டு பேரை அனுமதிக்கலாமே என்று முனகினேன். அப்படியானால் பெரிய பள்ளிகளே எல்லாப் பதக்கத்தையும் அள்ளிக்கொண்டு போகும், உங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்குத்தான் நஷ்டம் என்று அமைப்பாளரே சொன்னார். அதுவும் சரிதான்.

இந்த யோசனையை ஆதரித்து யாராவது பேசுகிறீர்களா என்று அவர் கேட்டார். நான் எங்கள் சாரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதக் கப்பின் விளிம்பை நகத்தால் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பேசினால் முதலில் அந்த மைதானத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

சரிம்மா, உங்க கடிதத்தை வச்சுக்கிறோம் என்றார் அமைப்பாளர். அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள் நான். வச்சுக்கிறோம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் அவள் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள், ராத்திரி தட்டோடு கொல்லைப் பக்கம் போவாள். அதுதான் என் கண்ணில் ஓடியது. கைப்பையை எடுத்தேன். அதன் வார் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கவே எனக்கு நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது.

அப்போது கேட்டில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. தம்பியுடையது. பின்னால் வெங்காய மூட்டைகள், மேலே தார்ப்பாய். அவன் இறங்குவான் என்று பார்த்தேன். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக மாடியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் இறங்கி, தாவணி போல் போட்டிருந்த துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் கேட்காமல் படிக்கட்டுப் பக்கம் வந்தாள்.

மகளின் தோழி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வணக்கம் சார் என்று பொதுவாகச் சொன்னாள். நான் அம்மாவை அல்லவா வரச் சொன்னேன் என்று குழம்பிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ யாரும்மா, என்ன வேணும் என்று அமைப்பாளர் கேட்டார். எங்கள் பள்ளியின் பெயரையும் தன் பிரிவையும் சொன்னாள். எங்கள் சார் டீ கப்பைக் கீழே வைத்தார்.

அவள் அந்த மிஸ்ஸைப் பார்த்துத்தான் பேசினாள். அன்றைக்கு விடிகாலையில் அவளை முதலில் எடை பார்த்தவர் அவர்தான்.

"மிஸ், அன்னைக்கு மொதல்ல ஓடுனது நானுங்க. நாப்பத்தெட்டுக்கு மேல தொள்ளாயிரம் கிராம் இருந்துச்சுல்ல, நீங்கதான பாத்தீங்க. அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு ஓடித்தான் எறக்குனேன். ஈரத்தோடதான் அவளுக்குக் குடுத்தேன். நான் மயக்கம் போடல, அதனால என்னை யாரும் கேக்கல. ஆட்டத்துக்கு மேட்ல ஏறினப்ப எதிர்ல நின்னவ ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா."

கையை விட்டபோது ஈரமாக இருந்த அந்த நீலக் கோட்டு என் விரல்களுக்கு இப்போதும் தெரிந்தது. எங்கள் சார் எழுந்து நின்றார். பேச வேண்டும் என்றா, தானாகவா தெரியவில்லை. நின்றார்.

கடிதத்தைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடி, அதுக்கு இப்ப என்ன பண்ணலாம்ங்கற பாப்பா என்று அமைப்பாளர் கேட்டார்.

அவள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இப்ப என் எடை அம்பதுங்க சார். என் எடம் நாப்பத்தெட்டே இல்ல. எங்க ஸ்கூல்ல அம்பத்திரண்டுக்கு ஆளே கெடயாது. நான் அங்க போறேன், அவ என் எடத்துக்கு வரட்டும். ரெண்டு பேரும் சோறு தின்னுட்டு வரோம்."